தேன்சிட்டு கூடு கட்டிய வாசல்

எங்கள் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்த்துப் பிள்ளைகளைக் கரையேற்றினார்கள். ஓயாத உழைப்பு, ஓயாத கவலை. பஸ் தாமதமானால் கவலை, செம்பருத்தி மொட்டு உதிர்ந்தாலும் கவலை. அந்தச் சுபாவம் தங்கையான எனக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

போன பங்குனியில் தோட்டமெல்லாம் மல்லிகை பூத்துக் கிடந்தது. முன்வாசல் காலிங் பெல் ஒயரில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. அக்கா உதறிப்போட்ட பேண்டேஜ் நூலும் அதில் தொங்கியது. கதவைத் திறந்தால் கூடு ஆடும். அதனால் அக்கா கதவைப் பூட்டிவிட்டு, வருகிறவர்களையெல்லாம் தோட்டத்து வழியாகக் கொல்லைவாசலுக்கு வரச் சொன்னார்கள்.

அந்த மாதமே நெஞ்சுவலி என்று அக்காவை மதுரைக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே கேள்விதான்.

"ஏட்டி, குஞ்சு பொரிச்சிருச்சா? பூனை வருதான்னு பாத்துக்கிட்டியா?"

"பொரிச்சிருச்சுக்கா. நீ பேசாமப் படு."

மறுநாள் கர்த்தர் அக்காவை அழைத்துக்கொண்டார்.

சவப்பெட்டியை எடுக்கும் நேரம், எங்கள் சித்தப்பா அத்தானிடம் முன்கதவைத் திறக்கச் சொன்னார்கள். "எங்க வீட்டுப் பொண்ணக் கொல்லப்பக்கமாக் கொண்டுபோறதா மாப்ள? ஊரு என்ன சொல்லும்?" அவர்கள் கேட்டதில் தப்பில்லை. எனக்கோ குஞ்சுகள் விழுந்துவிடுமே என்ற பயம். சாவு விழுந்த துட்டி வீட்டில் குருவியைப் பற்றி எப்படிப் பேசுவது?

அத்தான்தான் எழுந்தார்கள். "அந்தக் கதவு அவ பூட்டுனது மாமா. தொறந்தா என்னையத்தான் வைவா."

சித்தப்பா தாமே முன்னால் போய், பெட்டியில் உரசாமல் மல்லிகைக் கொடிகளை ஒதுக்கிவிட்டார்கள். அக்கா தினமும் தண்ணீர் ஊற்றிய வழியிலேயே அக்காவைக் கொண்டுபோனோம்.

கூட்டத்துக்குப் பயந்து தாய்க்குருவி கரண்ட் கம்பியிலேயே உட்கார்ந்திருந்தது. கல்லறைத் தோட்டத்திலும் எனக்கு அதே நினைப்புதான். அக்காவுக்காக அழுதேனா, குஞ்சுகளுக்காகப் பயந்தேனா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தபோது கூட்டுக்குள் கீச்சுச் சத்தம் கேட்டது. தாய்க்குருவி இரை கொடுத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆஸ்பத்திரியில் துணையிருந்தவர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், சேத்தூரிலிருந்து சோறு கொண்டுவந்த சொந்தங்களுக்கும், கொல்லைவழியாக வரச் சொன்னதற்கு முகம் சுளிக்காத எல்லாருக்கும் எங்கள் நன்றி.

இந்த வருடமும் அதே ஒயரில் கூடு இருக்கிறது. இன்று அக்காவின் முதல் வருட நினைவு ஜெபத்துக்கு இத்தனை பேர் வருகிறீர்களே என்று எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. போகும்போதும் தோட்டத்து வழியாகவே போய்வாருங்கள். காலிங் பெல்லை யாரும் அழுத்த வேண்டாம். குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை.