அக்காவுக்குச் சொன்ன நிலா

எங்கள் மேல்வீட்டு அக்காவுக்கு, மனிதன் நிலாவில் இறங்கினான் என்பதில் நம்பிக்கை கிடையாது. ராயபுரத்தில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் எங்களுக்கு முதல் மாடி, அவருக்கு இரண்டாவது. இறால் உரிக்கும் கம்பெனியில் விடியற்காலை வேலையை முடித்துவிட்டு வந்து குளித்து, மதியம் சாப்பிட்டதும் எங்கள் வீட்டுக்கு இறங்கி வருவார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதி அவர்தான். என் கணவர் மிளகாய் மண்டியில் இருப்பார். அந்த நேரத்தில் வீடு எங்கள் இரண்டு பேருக்குத்தான்.

நம் நாட்டு விண்கலம் நிலாவில் இறங்கிய வருஷம், டி.வி.யில் பழைய விண்வெளி ஆவணப்படங்களாகப் போட ஆரம்பித்தார்கள். எல்லாம் தமிழில் பேசின. எனக்குப் பிடித்துப்போயிற்று. அக்கா பார்த்ததோ குற்றம் கண்டுபிடிக்க. முதல் ஆள் ஏணியில் இறங்கும் காட்சி வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அவந்தான மொத ஆளு? அப்போ வெளில நின்னு அவனப் படம் புட்ச்சவன் யாரு?"

கலத்தின் பக்கவாட்டில் ஒரு கேமராவைப் பொருத்தியிருந்தார்கள் என்று சில வாரம் கழித்து வேறொரு படத்தில் சொன்னார்கள். அடுப்பை அணைத்துவிட்டு மாடியேறிப் போய்ச் சொன்னேன். அக்கா அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காலடி அச்சுக்குப் போய்விட்டார். காசிமேட்டுக் கடற்கரையில் ஈர மணலில் கால் வைத்தால் அச்சு நிற்கும், காய்ந்த மணலில் சரிந்துவிடும். சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் பூட்ஸ் அச்சு மட்டும் எப்படிக் கோடு கோடாக நிற்கும் என்று கேட்டார். எல்லாம் கப்ஸா என்பது அவர் முடிவு. இந்தச் சண்டையில் எங்கள் மத்தியானங்கள் நன்றாகவே போயின.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றிருந்தார். "கண்ணுக்குள்ள யாரோ கொழம்ப ஊத்துன மாரி கீதுமே," என்றார். பல வருஷத்துச் சர்க்கரை. கண் ஆஸ்பத்திரியில், உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். ஊசி போட்டு, லேசர் வைத்து, காத்திருக்க வேண்டும். வலது கண் தெளியலாம், இடது கண்ணைப் பற்றிச் சொல்ல முடியாது. இறால் வேலை நின்றது. அவர் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. அக்காவைத் தனியாக விட மனமில்லாமல், தினமும் காலையில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுப் போவார்.

முதல் சில நாள் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, லாரிகள் ஹாரன் அடிப்பதைக் கேட்டபடி இருப்பார். பார்க்க முடியாதவர் முன்னால் டி.வி. போட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் அவரே கேட்டார், ஏன் போடுவதில்லை என்று. போட்டேன். எங்களுக்குப் பழக்கமான ஒரு நிலாப் படம்தான் ஓடியது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்.

"அந்தாளு பேசறத நிறுத்து. அவன் சொல்றத நான் நம்பமாட்டேன். நீ சொல்லு. நீ இன்னா பாக்குறியோ அத மட்டும் சொல்லு."

சத்தத்தைக் குறைத்தேன். இரண்டு பேர் தரையில் நிற்கிறார்கள் என்றேன். தரை எப்படி இருக்கிறது என்று கேட்டார். எத்தனையோ தடவை பார்த்த தரை, ஆனால் சொல்ல வார்த்தை வரவில்லை. டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். மணல் மாதிரி இல்லை, மாவு மாதிரி, சிமெண்டைவிடக் கொஞ்சம் கறுப்பு என்றேன். திருப்தியில்லாமல், எண்ணூரில் கொட்டிக் கிடக்குமே மின்நிலையத்து நிலக்கரிச் சாம்பல், அந்த மாதிரி என்றும் சொன்னேன்.

அக்கா பிறந்து வளர்ந்தது எண்ணூரில். சிறுமியாக இருந்தபோது அந்தச் சாம்பல் மேட்டில் விளையாடப் போய் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறார். சிறிது நேரம் மடியில் விரலால் எதையோ தடவிக்கொண்டிருந்தார்.

"சாம்பலா? சாம்பலுன்னா தண்ணியே வாணாம்மே. கால வச்சு எடுத்தா வெரல் வெரலா நிக்கும். காத்தடிச்சாத்தான் கலையும்." பிறகு, "அங்க காத்து கீதா?" என்றார்.

"இல்லக்கா."

"அப்போ இன்னும் அங்கியேதான் கீது."

நான் எழுந்து போய் டீ போட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் சொன்னேன். தலைக்கவசக் கண்ணாடியில் எதிரே நிற்பவன் சின்னதாகத் தெரிவதையும், வானம் பகலிலும் கறுப்பாக இருப்பதையும் அவருக்குச் சொல்லும்போதுதான் நானே பார்த்தேன். இரண்டு பேர் கீழே இறங்க, மூன்றாவது ஆள் மட்டும் மேலே சுற்றிக்கொண்டே இருந்தான் என்றபோது அக்காவுக்கு வருத்தமாகிவிட்டது. அம்மாந்தூரம் போயும் அவன் இறங்கவே இல்லையா என்று இரண்டு தடவை கேட்டார். அவன் முகத்தைச் சொல்லச் சொன்னார். ரொம்ப அமைதியான முகம் என்றேன்.

பொங்கல் கழிந்து வலது கண் மெல்லத் தெளிந்தது. இடது கண் திரும்பவில்லை. கம்பெனிக்கு இனிப் போகவேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதில் அவருக்கு இன்னும் குறைதான். பார்வை வந்த பிறகு முதல் தடவை நிலாப் படத்தைப் பார்த்துவிட்டு, நான் சொன்னபோது இதைவிடப் பெரிதாக இருந்தது என்றார். காற்றே இல்லாத இடத்தில் கொடி எப்படி விரிந்து நின்றது என்ற சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை நான் மாற்ற முயற்சி செய்வதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருகிறார். நாற்காலியை டி.வி.க்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொள்வார். திரையில் எழுத்து வந்தால் நான் படித்துச் சொல்வேன். எழுத்து வராதபோதும் பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பேன், அவர் தடுப்பதில்லை. சென்ற வாரம் விண்வெளிக்குப் போகத் தயாராகும் ஒரு பெண்ணைப் பற்றிய படம். தண்ணீர்த் தொட்டிக்குள் கனத்த உடுப்போடு அவள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொயந்தைங்க கீதா அவளுக்கு?"

ஒரு பையன் இருப்பதாகச் சொன்னார்கள் என்றேன்.

"இவ போய்ட்டா அவன யாரு பாத்துப்பா?"

படத்தில் சொல்வார்களோ என்று இரண்டு பேரும் கடைசிவரை உட்கார்ந்திருந்தோம். சொல்லவில்லை.