எண்ணாத மூச்சு

கருப்பணனைக் கொன்றது டாக்டர்தான் என்பதில் ஒச்சம்மாளுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. காலை பதினோரு மணிக்குப் போனில் விசாரித்த மனிதர், "சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்றார். நாலு மணிக்குக் கருப்பணன் போய்விட்டான். இதில் யோசிக்க என்ன கிடக்கிறது? கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோவில் காய்கறி ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்த ஆள். நாற்பத்து நான்கு வயது. காய்ச்சலும் இருமலுமாகத் தன் காலால் நடந்து போய்க் கட்டிலில் படுத்தவனை ஐந்தாம் நாள் துணி சுற்றித் தூக்கி வந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் ஒச்சம்மாள் வேலை பார்த்தாள். பன்னிரண்டு கட்டில் போட்ட சின்ன நர்சிங் ஹோம். புருஷனுக்குக் காய்ச்சல் என்றதும் வேறெங்கும் போகாமல், நம்ம இடம், நாமே கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டிக்கொண்டு போனவள் அவளேதான். அவன் செத்த அன்று தெருவில் இறங்கி, இரண்டு கையாலும் மண்ணை வாரி அந்த வாசலில் தூற்றினாள். "ஒரு எட்டு வந்து பாக்க ஒனக்கு நேரமில்லையா, நீ நல்லா இருப்பியா" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் மெடிக்கலில் மாத்திரை வாங்க நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் மாடியை விட்டு இறங்கவில்லை. பதினோரு வருட வேலையை ஒச்சம்மாள் அன்றோடு விட்டாள்.

மகள் கீர்த்தனா அம்மாவைவிட ஒரு படி மேல். இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அப்பா செத்த மறுவாரமே ஆஸ்பத்திரிக்குப் போய், கத்திக் கூப்பாடு போட்டு, காகிதங்களுக்கெல்லாம் நகல் வாங்கி வந்துவிட்டாள். அந்த பைலைப் பாடப் புத்தகத்தோடு சேர்த்து பீரோவில் வைத்திருந்தாள். ஒரு வக்கீலைப் பிடித்து விசாரித்ததில், நுகர்வோர் கோர்ட்டில் போடலாம், ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும் என்றார். இன்று நாளை என்று தள்ளிப்போய், இப்போது கெடு முடிய மூன்றே வாரம்தான் மிச்சம்.

"நஷ்டஈடெல்லாம் வேணாம்மா. அந்தாளு எல்லாருக்கும் முன்னாடி நின்னு, தப்பு எம் மேலதான்னு சொல்லணும். அது போதும் எனக்கு" என்பாள் கீர்த்தனா.

அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீட்டில் இரண்டு பேரும் காலையில் எழுந்து, பல் துலக்கி, சோறு பொங்கி நடமாடினார்கள்.

ஒச்சம்மாள் கொஞ்ச காலம் பஞ்சு மில்லுக்குப் போனாள். தூசி ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பவும் ஆஸ்பத்திரி வேலை தேடினால், போகிற இடமெல்லாம் சர்டிபிகேட் கேட்டார்கள். எட்டு வருடம் ஊசி போட்ட கையை வைத்துக்கொண்டு, அதற்கு அத்தாட்சி இல்லாமல் நின்றாள். அப்போதுதான் நாகல் நகர்ப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஆறு மாத நர்சிங் உதவியாளர் பயிற்சி, கட்டணம் கிடையாது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். முப்பத்தொன்பது வயதில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவளைப் பார்த்து, முதல் நாள் ஒரு பெண் எழுந்து நின்று வணக்கம் சொன்னது. டீச்சர் என்று நினைத்துவிட்டது.

உண்மையான டீச்சர் அனிஷா. இருபத்து நான்கு வயது, நர்சிங் முடித்த பெண். கண்டிப்பும் உண்டு, சிரிப்பும் உண்டு. முதல் பதினைந்து நாள் அறிமுகப் பயிற்சி. கை கழுவுவது, படுக்கை விரிப்பது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, காய்ச்சல் பார்ப்பது என்று அடிப்படையிலிருந்து ஆரம்பித்தார்கள். முப்பது பெண்களுக்கு ஒரே ஒரு பொம்மை நோயாளி. அதற்கும் இடது கால் கழன்று விழுந்து, டேப் போட்டு ஒட்டியிருந்தது. ஆட்டோகாரர் வீட்டுப் பிள்ளைகள், மில் வேலை பிடிக்காமல் ஓடி வந்த பிள்ளைகள், அகரத்திலிருந்து வரும் யுவராணி என்று எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயது. அதுகளுக்கு நடுவில் ஒச்சம்மாள் ராணி மாதிரி இருந்தாள். படுக்கை விரிப்பின் மூலையை அவள் மடித்துச் செருகுகிற வேகத்தைப் பார்த்து வகுப்பே வாயைப் பிளந்தது. பிரஷர் கருவியைக் கட்டினால் ஒரே தடவையில் அளவு சொல்லுவாள். "அக்காட்ட கேளுங்கடி, அக்கா வார்டே பாத்தவங்க" என்று அனிஷாவே சொல்லுவாள். புருஷன் போன பிறகு ஒச்சம்மாள் முகத்தில் சிரிப்பு வந்தது அந்தப் பத்து நாளில்தான்.

பதினோராம் நாள் மூச்சு எண்ணுகிற பாடம்.

அதற்கு முன்னால் அந்த நர்சிங் ஹோமில் சார்ட் எழுதுகிற லட்சணத்தைச் சொல்லிவிட வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் காய்ச்சலுக்கு ஒரு கட்டம், நாடிக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. நாடிக்கும் பிரஷருக்கும் சேர்த்து ஒரு மெஷின் உண்டு. மூச்சுக்குக் கருவி எதுவும் கிடையாது. நோயாளி பக்கத்தில் நின்று, கடிகாரத்தைப் பார்த்து, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பன்னிரண்டு கட்டிலுக்கும் நின்று எண்ண அங்கே யாருக்கு நேரம்? பெருக்கித் துடைக்கிற ஆயாவாகச் சேர்ந்து, மூன்றாம் வருடம் கோட்டு மாட்டி 'சிஸ்டர்' ஆன ஒச்சம்மாளுக்குப் பெரிய சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததே இதுதான்: "அந்தக் கட்டத்துல இருபது போட்டுரு." பெரிய சிஸ்டருக்கும் முன்னால் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆஸ்துமாக்காரருக்கும் இருபது, கால் உடைந்தவருக்கும் இருபது, பிள்ளை பெற்றவளுக்கும் இருபது. கையெழுத்து மட்டும் ஒச்சம்மாளுக்கு முத்து முத்தாக இருக்கும். அந்தக் கட்டத்துக்கும் மனிதர்கள் விடுகிற மூச்சுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்று எட்டு வருடத்தில் ஒருத்தரும் அவளிடம் சொன்னதில்லை. தினம் இரண்டு வேளை அந்த அட்டையைப் புரட்டிய டாக்டரும், ஊரில் உள்ள அத்தனை பேரும் எப்படி ஒரே கணக்கில் மூச்சு விடுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"மூச்சு எண்ணப் போறோம்னு நோயாளிகிட்ட சொல்லக் கூடாது" என்று அனிஷா பாடத்தை ஆரம்பித்தாள். "சொன்னா அவங்க மூச்ச மாத்திருவாங்க. நாடி புடிக்கிற மாதிரி கையப் புடிச்சுக்கிட்டு நெஞ்சப் பாக்கணும். முழுசா ஒரு நிமிஷம். அக்கா, வார்டுல நீங்க எப்படி எண்ணுவீங்க? எந்திரிச்சு இவங்களுக்குச் சொல்லுங்க."

ஒச்சம்மாள் எழுந்தாள். வழக்கம்போல் சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"நாங்க இருபது போட்டுருவோம்" என்றாள்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அக்கா தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். அனிஷாவும் சிரித்தாள். பிறகு பலகையில் எழுதினாள். பெரியவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை சரி. இருபத்தைந்தைத் தாண்டினால் நர்ஸிடம் சொல்ல வேண்டும். முப்பதைத் தாண்டினால் ஆபத்து. "உடம்பு கெட்டுப் போகுதுன்னா மொதல்ல காட்டிக் குடுக்குறது இதுதான். காய்ச்சலுக்கு முன்னாடி, பிரஷருக்கு முன்னாடி மூச்சு சொல்லிரும். இந்தக் கட்டத்த மட்டும் ஏமாத்தாதீங்க."

இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து எண்ணச் சொன்னாள். ஒச்சம்மாளுக்குச் சோடி யுவராணி. ஒச்சம்மாள் எண்ணினாள். பதினெட்டு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனித உயிரின் மூச்சை எண்ணியிருக்கிறாள். கையில் கடிகாரம் இருந்தால் போதும். இவ்வளவுதான் வேலையா என்று இருந்தது.

அப்போதுதான் அந்தப் பதினோரு மணி அவளுக்கு ஞாபகம் வந்தது.

போனில் டாக்டர், "ஒச்சம்மா, ஒன் வீட்டுக்காரருக்கு டி.பி.ஆர். சொல்லு" என்றார். காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் சேர்த்துக் கேட்கிற கேள்வி அது. பெரிய சிஸ்டர் லீவு. டாக்டர் தன்னிடமே கேட்கிறார் என்பதில் அந்த நேரத்திலும் ஒச்சம்மாளுக்கு ஒரு பெருமை. பார்த்துக்கூடப் படிக்காமல் மடமடவென்று ஒப்பித்தாள்: "நூத்தி ரெண்டு, நூத்திப் பதினாறு, இருபது சார்." பிறகு, "அவருக்கு ஒரு மாதிரியா இருக்கு சார்" என்றாள். "மூச்சு இருபதுதான? காய்ச்சல் எறங்குனா சரியாயிரும். சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்றார் டாக்டர். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற கருவி ஒன்று உண்டு. அது எப்போதும் ஆபரேஷன் தியேட்டரில் பூட்டிக் கிடக்கும். அதை எடுத்துவா என்று அவரும் சொல்லவில்லை, எடுக்கட்டுமா என்று இவளும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு வந்து, கருப்பணனை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அட்டையால் விசிறினாள். அவன் தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டதை அவள் தோள் இன்னும் மறக்கவில்லை.

"யுவராணி, நான் ஒரு மாதிரி மூச்சு விடுறேன். எண்ணு" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு, அவன் விட்ட மாதிரியே விட்டாள். வாயைத் திறந்து, தோளைத் தூக்கி, பாதியில் வெட்டி வெட்டி இழுத்தாள். யுவராணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரிப்பை அடக்கினாள். ஒரு நிமிடம் முடிந்தது.

"நாப்பத்தாறுக்கா! யம்மாடி, ஓட்டப்பந்தயம் ஓடுன மாதிரி இழுக்குறீங்க."

அனிஷா அருகில் வந்தாள். "யாருக்கா இப்படி மூச்சு விட்டா?"

"தெரிஞ்ச ஒரு ஆளு. எங்க வார்டுல கெடந்தாரு."

"நாப்பத்தாறா? அந்த நிமிஷமே ஆக்ஸிஜன் வச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விட்ருக்கணுமேக்கா. சார்ட்டப் பாத்திருந்தாலே யாருக்கும் தெரிஞ்சிருக்குமே. யாருக்கா எழுதுனா அந்த சார்ட்ட?"

ஒச்சம்மாளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வேகமாக மூச்சு விட்டதில் தலை சுற்றுகிறது என்று நினைத்துப் பெண்கள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள். பொம்மையை இறக்கிவிட்டு அந்தக் கட்டிலில் அவளைப் படுக்க வைத்தார்கள். படுத்திருந்தவளின் நெஞ்சைப் பார்த்து எண்ணிப் பழகியது ஒரு பிள்ளை.

வீட்டுக்கு வந்தபோது கீர்த்தனா பைலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி.

"நாளைக்கு வக்கீல் ரெண்டு பேரையும் வரச் சொல்லிட்டாரும்மா. நீ கையெழுத்துப் போட்டா தாக்கல் பண்ணிருவாராம். இதப் பாரு, அவரு இதத்தான் புடிச்சுக்கிட்டாரு." சார்ட் நகலில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தாள். "அஞ்சு நாளும் மூச்சு இருபது, இருபது, இருபது. செத்த அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் இருபது. இப்படி இருந்த மனுசன் நாலு மணி நேரத்துல எப்படிச் சாவாரு, அதுக்கு அந்தாளு என்ன பதில் சொல்லுவாருங்கிறாரு. எழுதுனது நீதான்றதால சாட்சிக்கும் வேற ஆளு தேட வேணாமாம்."

ஒச்சம்மாள் கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் நூறு தடவை நினைத்தாள். டாக்டர் பங்கு டாக்டருக்கு உண்டு. வந்து பார்த்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மொத்தத்தையும் அவர் தலையில் கட்ட இனி மனம் வரவில்லை. யாரை நினைத்து மண் வாரித் தூற்றினோமோ, அந்த மண்ணில் பாதி தன் தலையிலேயே விழுந்துவிட்ட மாதிரி இருந்தது.

"நான் எண்ணல தாயி."

"என்னது?"

"மூச்ச எண்ணி எழுதல. எல்லாத்துக்கும் இருபது போடுவோம். அப்பாவுக்கும் அதான் போட்டேன். போன்லயும் அதான் சொன்னேன்."

கீர்த்தனா அவளையே பார்த்தாள். "அஞ்சு நாள்ல ஒரு தடவகூடவா எண்ணல?"

"ஒரு தடவகூட இல்ல."

"அப்ப நெசமா எம்புட்டு இருந்துச்சு?"

"நாப்பத்தாறு. இன்னைக்குத்தான் எண்ணுனேன்."

பிறகு கீர்த்தனா, "கோர்ட்ல கேட்டா எண்ணித்தான் எழுதுனேன்னு சொல்லுவியா?" என்றாள். கேட்டுவிட்டு அவளே வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டாள். எண்ணினேன் என்று ஒச்சம்மாள் சொன்னால், அந்த எண் பொய் என்று தெரிந்தும் தன் புருஷன் சாவின் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும். எண்ணவில்லை என்று சொன்னால் டாக்டர் கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

கீர்த்தனா போனை எடுத்து வக்கீலுக்குப் போட்டாள். "நாளைக்கு வரல சார்... இல்ல சார், தேதி முடிஞ்சா முடியட்டும். வேணாம் சார்." போனை வைத்துவிட்டு, விரித்துப் போட்ட காகிதங்களை வரிசை பார்த்து அடுக்கினாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒச்சம்மாள் எழுந்து போய்க் கட்டிக்கொண்டிருப்பாள்.

"நீ அங்க படிக்கப் போகாமயே இருந்திருக்கலாம்மா" என்றாள் மகள்.

ஒச்சம்மாளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.