சிவயோகத்தின் முப்பது பரப்பு

மண்கும்பானில் சிவயோகத்துக்குச் சீதனமாகக் கிடைத்தது முப்பது பரப்பு, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், தரவை நிலம். கோடையில் உப்புப் பூத்துக் கிடக்கும், மாரியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். ஒன்றுக்கும் உதவாத காணியைத் தள்ளிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தன்றே முணுமுணுத்தார்கள்.

உபதபாலகத்தில் முப்பது வருசம் வேலை செய்து ஓய்வுபெற்ற பிறகுதான், அந்தத் தண்ணீரில் என்னென்ன வந்து இறங்குகின்றன என்று சிவயோகம் கவனித்தார். பைனாகுலர் ஒன்று வாங்கினார். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை விடியற்காலையில் சைக்கிளில் போய்விடுவார். சந்திக் கடையில் சிரிப்பார்கள். அவரோ கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, அன்றைக்கு என்ன பறவை வந்தது என்று உரத்துச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

போன கார்த்திகையில் ஒரு காலை, வடக்கே பனிநாடுகளிலிருந்து வந்த நீலச்சிறகித் தாராக்களை இருநூறு வரை எண்ணியிருந்தார். திடீரென்று அத்தனையும் ஒன்றாக எழும்பிப் பறந்தன. திரும்பிப் பார்த்தால், தரவை ஓரத்தில் ஒரு உழவு இயந்திரம் பின்னால் பூட்டிய பெட்டியிலிருந்து இடிந்த வீட்டுக் கல்லையும் மண்ணையும் கொட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டிவந்த றொஜன் விசயத்தைச் சொன்னான். கனடாவிலிருக்கும் ஞானசம்பந்தன் இங்கே கலியாண மண்டபம் கட்டப்போகிறாராம், நாற்பது லோட் கொட்டச் சொன்னாராம். ஞானசம்பந்தன் சிவயோகத்தின் தமையன். தங்கையிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிவயோகம் அங்கே நின்றபடியே தமையனுக்குப் போன் எடுத்தார். அப்பா தந்த காணி, குடும்பத்துக்குப் பெயர் வரும், மண்டபத்துக்கு உன் பெயரையே வைக்கிறேன் என்று தமையன் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் கேட்டார்:

"அந்தச் சேத்துக்குள்ளை நீ என்னத்தைக் கண்டனி?"

"கண்டதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது, அண்ணை. காணி உறுதி என்ர பேரிலை கிடக்கு. நான் இருக்குமட்டும் இதிலை ஒரு கல்லும் விழாது."

பிறகு றொஜனிடம் திரும்பினார். "கொட்டினதை அள்ளும்."

"தனிய ஏலாது அக்கா."

சிவயோகம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியிலிருந்த மற்ற மண்வெட்டியை எடுத்தார். வெயில் ஏறும்வரை இருவரும் அள்ளினார்கள். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப் போயின. கடைசிக் கல்லும் ஏறும்வரை அவர் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு தமையன் பேசவில்லை. பொங்கலன்று சிவயோகமே அழைத்துப் பார்த்தார்; அவர் எடுக்கவில்லை. அன்றைக்குச் சிவயோகத்தால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. மாசியில் தமையன் ஒரு ஆளை அனுப்பி, காணியை விலைக்குக் கேட்டார். சிவயோகம் வந்தவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, விற்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.