பிரேக்கிலிருந்து காலை எடு!

“பிரேக்லேர்ந்து காலை எடு” என்றார் என் வீட்டுக்காரர்.

சொன்ன இடம், பத்ரிநாத்திலிருந்து கீழே இறங்கும் மலைப்பாதை. ரோடு முழுக்கப் பனி. இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். பள்ளம் என்றால் சும்மா இல்லை... கீழே ஓடுகிற ஆறு வெள்ளை நூல் மாதிரி தெரிந்தது. ஸ்டீயரிங் என் கையில்.

சொன்னவருக்கு டிரைவிங் லைசன்ஸ் கிடையாது!

போன மாதம் நடந்தது இது. ஊர் திரும்பி இத்தனை நாளாகியும், மாடிப்படி இறங்கும்போதுகூட வலது கால் தானாக அழுத்திக்கொள்கிறது. எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சண்முகம், திருவெறும்பூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் மெஷின் ஷாப்பில் இருந்தவர். எங்கள் வீடு காட்டூரில். தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும், ஏற்றிப் போகும், கொண்டுவந்து இறக்கிவிடும். அப்படிப்பட்டவருக்கு லைசன்ஸ் எதற்கு? நான்தான் நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்து கமென்ட்ரி கொடுக்க ஆரம்பித்தார். “மூணாவதுக்குப் போ... கிளட்ச்ல கால் வெக்காத... டயர்ல காத்து கம்மியா இருக்கு, சத்தம் வருது பாரு...”

ஒரு நாள் பால்பண்ணை சந்திப்பில், சிக்னல் பச்சை விழுந்து பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிற நேரத்தில், காரை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். “என்னங்க, ஒண்ணு நீங்க ஓட்டுங்க. இல்லாட்டி வாயைத் திறக்காதீங்க.” அதோடு சரி. மனிதர் பன்னிரண்டு வருஷமாக வண்டிக்குள் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் படிப்பார். வீட்டுக்குப் புது மிக்ஸி வந்தால் நான் சட்னி அரைப்பேன். அவர் அதோடு வந்த புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை வாசிப்பார். மிக்ஸிக்கே அப்படி என்றால், காருக்குக் கேட்க வேண்டுமா?

இந்தப் பயணத்துக்குக் காரணம் வேதவல்லி மாமி. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு. அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் எனக்குப் பக்கத்து மேஜை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். பத்ரி நாராயணனைச் சேவிக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அவர் கணவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. “நீ கூட்டிண்டு போறியா வசந்தா?” என்று அவர் கேட்டபோது எப்படி மறுக்க முடியும்? எங்கள் மகள் நித்யா டேராடூனில்தான் வேலை பார்க்கிறாள். அவளிடம் கார் இருக்கிறது.

ஆனால் கிளம்பத் தாமதமாகிவிட்டது. பனிக்காலத்துக்காகக் கோயில் நடை சாத்தப்போகிற சமயம். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் போய்ச் சேர்ந்தோம்.

நித்யாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “பயப்படாதம்மா, இது ஃபோர் வீல் டிரைவ். கியர்கூட மாத்த வேண்டாம், ஆட்டோமேட்டிக். பனியே பெஞ்சாலும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்.” பெரிய வெள்ளை எஸ்.யூ.வி. ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தால் லாரி டிரைவர்கள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தார்கள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

இரண்டாம் நாள், ஜோஷிமட்டைத் தாண்டி மேலே ஏறுகிறோம். பத்ரி வர இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது பனி விழ ஆரம்பித்தது. காட்டூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது முதல் பனி. வைப்பர் தள்ளத் தள்ள விழுந்துகொண்டே இருந்தது. ரோடு வெளுத்தது. முன்னால் போன சின்ன கார் ஒன்று ஏற முடியாமல் சக்கரத்தை வீணாகச் சுற்றிக்கொண்டு நின்றது. டாக்சிக்காரர்கள் ஓரம் கட்டி டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள்? நித்யா சொல்லியிருந்தபடி, கியருக்குப் பக்கத்தில் இருந்த வட்டக் குமிழை ‘ஸ்னோ’ என்று திருப்பினேன். ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தினேன். வண்டி ஒரு முறை முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு குடுகுடுவென்று ஏறிப் போய்விட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையசைத்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அன்று ராத்தங்கிய சத்திரத்தில், சூடான ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே வீட்டுக்காரர் ஆரம்பித்தார். வண்டிக்கு வெளியே இருந்ததால் பேச அனுமதி உண்டு.

“இந்த வண்டில எப்பவும் முன்சக்கரம் ரெண்டுதான் இழுக்கும். அது வழுக்குதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சா, பின்சக்கரத்தையும் சேத்துக்கும். அதான் ஏறிடுச்சு.”

“அதான் பார்த்தோமே.”

“நாளைக்கு இறங்கணும். பிரேக்குங்கறது எல்லா வண்டிலயும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கு. அந்தச் சின்ன காருக்கும் இருக்கு. நிக்கிற விஷயத்துல நமக்கு ஸ்பெஷலா எதுவும் கிடையாது. ரோட்டைப் பிடிக்க வேண்டியது டயர்தான். நம்ம டயர் சாதா டயர்.”

“சாப்பிடுங்க” என்றேன்.

மறுநாள் காலை, வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு, கூட்டமே இல்லாத சன்னதியில் மாமி நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெருமாளைவிட அதிக நேரம் மாமியைத்தான் பார்த்தேன். கண்ணிலிருந்து நீர் வழிகிறது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. அதற்காகவே இன்னொரு முறை அந்த மலை ஏறலாம்.

பத்து மணிக்குப் போலீஸ்காரர்கள் வண்டிகளைக் கீழே இறங்க விட்டார்கள். பளீரென்று வெயில். பாதையில் இருந்த பனியை மெஷின் மேலாக வழித்துத் தள்ளி, மலைப்பக்கம் வரப்பு மாதிரி குவித்திருந்தது. அரை மணி நேரம் ஒரு தொந்தரவும் இல்லை. பின் சீட்டில் மாமி கண்ணை மூடிப் பாசுரம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் முப்பதில் போய்க்கொண்டிருந்தேன். முப்பது ஒரு வேகமா? நம் தஞ்சாவூர் ரோட்டில் முப்பதில் போனால் சைக்கிள்காரர் திட்டுவார்.

ஒரு வளைவு. வெயில் படாத, பனி இறுகிக் கிடந்த வளைவு. திரும்பியதும் முன்னால் ஒரு டாக்சி நிற்கிறது.

பிரேக்கை மிதித்தேன்.

பெடல் கடகடவென்று திரும்பி என் காலை உதைத்தது. வண்டி நிற்கவில்லை. பாத்ரூமில் சோப்புத் தண்ணீரில் கால் வைத்த மாதிரி, அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது! இன்னும் அழுத்தினேன். இன்னும் போனது. டாக்சியின் பின்கண்ணாடியில் ஒரு குழந்தையின் முகம் தெரிந்தது. என்ன யோசித்தேன் என்று தெரியாது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தேன்.

பொத்!

மலைப்பக்கப் பனிக்குவியலில் மூக்கை நுழைத்துக்கொண்டு வண்டி நின்றது. டாக்சிக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது.

மாமி கண்ணைத் திறந்தார். “ஏன் நிறுத்திட்டே? ஊர் வந்துடுத்தா?”

எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. “என்னால முடியாதுங்க. யாரையாவது கூப்பிடுங்க” என்றேன். யாரைக் கூப்பிடுவது? போனில் சிக்னல் இல்லை. டாக்சி டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். யாருக்கும் அடியில்லை என்று தெரிந்ததும், வெயில் இறங்கினால் இந்த இடம் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும், சீக்கிரம் கிளம்புங்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரும் பாவம், வண்டி நிறையப் பிள்ளை குட்டிகள்.

வீட்டுக்காரர் கீழே இறங்கினார். குனிந்து டயர்களைப் பார்த்தார். ஓரத்திலிருந்த மண்ணையும் பொடிக்கல்லையும் காலாலேயே தள்ளிச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். கண்ணாடிப் பக்கம் வந்து, தயங்கி, “பேசலாமா?” என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “பேசுங்க.”

“ரிவர்ஸ் போடு. ஆக்சிலரேட்டரை இறுக்காத. முன்சக்கரம் சும்மா சுத்தும், சுத்தட்டும். பின்னாடி ரெண்டும் பிடிக்கும்.”

அப்படியே நடந்தது. முன்சக்கரங்கள் விர்ரென்று சுற்றின. ஒரு நொடி கழித்துப் பின்னாலிருந்து யாரோ இழுத்தது போல வண்டி மேட்டில் ஏறிப் பாதைக்கு வந்தது. ஃபோர் வீல் டிரைவ் தன் வேலையைச் செய்துவிட்டது. இனி இறக்கம். நான் பிரேக்கை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி சரிவில் இறங்குகிற மாதிரி சின்னப் படம் போட்ட ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினார்.

“இப்ப வண்டியே ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியா பிடிச்சுப் பிடிச்சு இறங்கும். நீ ஸ்டீயரிங்க மட்டும் பாரு. பிரேக்லேர்ந்து காலை எடு.”

எதிரே பள்ளம். காலை எடுக்கச் சொல்கிறார்.

“உங்களுக்கு லைசன்ஸ் இருக்கா?” என்று கத்தினேன். மலையில் எதிரொலித்திருக்கும்.

“இல்ல” என்றார் நிதானமாக. “அதான் உன்னைக் கேக்கறேன்.”

மாமி பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தார். அந்தக் கை சூடாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

காலை எடுத்தேன். ஒரேயடியாக இல்லை... கொஞ்சம் கொஞ்சமாக. வண்டி முன்னால் சாய்ந்தது. பிறகு கரக், கரக் என்று அடியில் ஒரு சத்தம். சட்டையைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள, நாம் நடப்போமே, அந்த மாதிரி வண்டி இறங்க ஆரம்பித்தது. முள் ஏழு, எட்டு என்று காட்டியது. நடந்து போகிற வேகம்.

“நல்லாப் போகுது. அடுத்த வளைவு நிழல். இன்னும் மெதுவா திருப்பு... அங்க முன்னாடி வண்டிக்கு நிறைய இடம் விடு...”

பன்னிரண்டு வருஷக் கமென்ட்ரியும் அன்று ஒரே மூச்சில் வந்தது. ஒரு வார்த்தையைக்கூட நான் தட்டவில்லை. ஆட்டோமேட்டிக்கில் வேலையே இல்லாத என் இடது கால் மட்டும் நடுங்கிக்கொண்டே வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே ஊர்ந்தோம். கடைசியில் ஒரு வளைவைத் திரும்பியதும் கறுப்பாக, ஈரமாக, தார் ரோடு தெரிந்தது. தார் ரோட்டைப் பார்த்து அழுத ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பாண்டுகேஷ்வரில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். மாமி வெந்நீர் மட்டும் வாங்கிக்கொண்டார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“அந்த பட்டன் வேலை செய்யும்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?”

“புத்தகத்துல போட்டிருந்துச்சு.”

“புத்தகத்துல போட்டிருந்ததை வெச்சா என்னைக் காலை எடுக்கச் சொன்னீங்க?”

டீயை ஊதிக்கொண்டே சொன்னார். “ரோட்டுல பிடிப்பே இல்லாட்டி அந்த பட்டனாலயும் ஒண்ணும் ஆகாது. அதுவும் புத்தகத்துல இருந்துச்சு. ஆனா நீ காலை மெதுவாத்தான் எடுப்பேன்னு தெரியும். சரியில்லன்னா உடனே வெப்பேன்னும் தெரியும். இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து வேற என்ன பார்த்தேன்?”

வாயை மூடச் சொன்னேனே தவிர, கண்ணை மூடச் சொல்லவில்லையே நான்! அந்த மனிதர் அத்தனை நாளும் என் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள்... நம்மிடம் குறை சொல்கிறவர் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிற ஆள்தான், நம் திறமையைப் பக்கத்திலிருந்து அளந்து வைத்திருக்கிறார். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்தாயிரம் அடி ஏற வேண்டியிருந்தது. இறங்கவும் வேண்டியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, மாமி சாப்பிடக் கூப்பிட்டார் என்று ஸ்ரீரங்கம் போயிருந்தோம். காவிரிப் பாலத்தில் வழக்கமான நெரிசல். முன்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோ, நடுவில் ஸ்கூட்டர். நான் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினேன். வீட்டுக்காரர் “பஸ் இடது பக்கம் ஒதுங்கும் போலருக்கு” என்றார். “ஆமாங்க” என்றேன். அவ்வளவு சுமுகம்.

மாமி வீட்டில் புளியோதரையும் அக்காரவடிசலும். மாமி தன் கணவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். “பனின்னா அப்படியொரு பனி. வண்டி சறுக்கறது. இவ கை நடுங்கறது. பெருமாளே வந்து நாலு சக்கரத்தையும் பிடிச்சுண்டு, குழந்தையை இறக்கற மாதிரி இறக்கி விட்டுட்டார்!”

அந்தக் கதையில் பட்டன் வரவில்லை. கியர் வரவில்லை. நான்கூட நடுங்குவதற்கு மட்டும்தான் வந்தேன். “உள்ளதச் சொல்றீங்க மாமி” என்று தலையாட்டினார் என் வீட்டுக்காரர். அக்காரவடிசல் இரண்டாவது தடவை இலைக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து நித்யாவின் போன். ஸ்பீக்கரில் போட்டேன். அவரவர் பங்குக்கு அவளிடம் சொல்லித் தீர்த்தோம். நான் என் நிதானத்தால் இறக்கினேன் என்றேன். அவள் அப்பா, பின்சக்கரத்துக்குச் சக்தி போனதையும் பட்டனையும் விவரித்தார். மாமி பெருமாளை விட்டுக்கொடுக்கவில்லை. நித்யா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“சரி, எல்லாரும் சேந்துதான் இறக்கியிருக்கீங்க. இன்னிக்கு வண்டியக் கழுவ விட்டேன். முன்னாடி பம்பர்ல இடது பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கீறல் இருக்கே... அது யாரு?”

மாமி ரசம் எடுத்து வர உள்ளே போய்விட்டார்.