சம்பந்தி வீட்டின் முதல் ஆள்

மகள் ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கலியாணம் கட்டப்போவதாகச் சொன்னபோது எனக்குப் பையனைப் பற்றிக் கவலையில்லை. மெல்பேர்னில் இருக்கும் என் அக்காவைப் பற்றித்தான் கவலை. அம்மா போனபின் என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள் அவள். அவள் இல்லாமல் என் வீட்டில் தாலி ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

“விசாரிச்சனியோ?” என்று போனில் கேட்டாள். “ஆர் ஆக்கள் எண்டு தெரியாமல் நான் வரமாட்டன்.”

ஊரென்றால் விசாரிப்பது சுலபம். சந்திக் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஏழு தலைமுறையும் வந்துவிடும். சிட்னியின் வெஸ்ட்மீட்டில் எந்தக் கடையில் போய்க் கேட்பது? பையனிடமே கேட்டேன். அவன் பூரித்துப்போனான். அவனுடைய தாத்தா அமெரிக்காவிலிருந்து சிட்னிக்கு வந்தவராம். அந்த அமெரிக்காவில் முதன்முதலாகக் கப்பலில் போய்க் குடியேறியவர்களில் ஒருவர் அவர்களுடைய மூதாதையாம். வம்சாவளி தேடும் இணையத்தளம் ஒன்றின் கடவுச்சொல்லையும் தந்தான்.

ஞானஸ்நானப் பதிவு, உயில், கல்லறைப் பட்டியல் என்று மூன்று வாரம் மேலே மேலே ஏறினேன். வேலைக்கு லீவு போடாததுதான் குறை. கடைசியில் அந்தக் கப்பல்காரர் அகப்பட்டார், ஊர் நீதிமன்றப் பதிவில். தொழில் விவசாயம். அயலவனின் பன்றியைத் திருடியதற்கு ஒரு தண்டம். தேவாலயத்தில் பிரசங்க நேரம் நித்திரை கொண்டதற்கு இன்னொன்று. அக்காவுக்குத் தெரிந்தால் கலியாணம் அவளில்லாமல்தான்.

“கமக்காரர், அக்கா. வீட்டிலை பன்றியும் நிண்டது. சேர்ச்சுக்கும் போறவர்,” என்றேன். ஒரு சொல்லும் பொய்யில்லை.

அக்கா விமானமேறி வந்தாள். சாப்பாட்டு மேசையில் பையன் அவளிடம், அன்ரி, உங்கள் குடும்பத்தையும் நானே தேடித் தருகிறேன், பழைய கோர்ட்டுப் பதிவுகளிலிருந்து தொடங்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அக்காவின் கை சோற்றிலேயே நின்றது. எங்கள் பூட்டன் யாரோ ஒருவருடைய சோடி மாட்டை ஓட்டிக்கொண்டு ஊர் மாறி வந்தவர் என்பது எங்கள் வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத கதை.

அவள் என்னைக் குசினிக்குள் இழுத்தாள். “எங்கட பழசைக் கிண்ட வேண்டாம் எண்டு அவனுக்குச் சொல்லு.”

அதற்குமேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. “அக்கா, அவையின்ர ஆளும் கள்ளன்தான். பன்றிக் களவு.”

“எத்தினை?”

“ஒண்டு.”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு பெருமை வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

“எங்கட ஆள் ரெண்டு மாடு,” என்றாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு மேசைக்குப் போய், மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.