கூப்பிடாத மணி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவதுதான் அவர் வேலை. வீடு திரும்பும்போது கால் இரண்டும் மரத்துப் போயிருக்கும். வீட்டில் இருந்தது அக்கா மட்டும்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் அவளும் படுக்கையில் கிடந்தாள்.

சின்ன வயதிலிருந்தே எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம் அவருக்கு. அக்காவின் தலைமாட்டில் ஒரு பட்டன், சமையலறையில் ஒரு சிப், ஒரு மணி என்று அவரே ஓர் அழைப்பு மணி செய்து மாட்டினார். ஆனால் ஃப்ரிட்ஜின் மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் மணி தானாக அடித்தது.

"நான் கூப்பிடவே இல்லடா," என்பாள் அக்கா. "நான் ஒருத்தி படுத்துற பாடு போதாதுன்னு அதுவும் சேர்ந்துக்கிச்சா?"

முதலில் ஒவ்வொரு தடவையும் ஓடினார். போகப்போக அலுத்துவிட்டது. மணி அடித்தால், 'ஃப்ரிட்ஜாத்தான் இருக்கும்' என்று உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிடுவார்.

ஒரு சாயங்காலம் மணி அடித்தபோதும் அப்படித்தான் இருந்தார். சற்றுப் பொறுத்து எட்டிப் பார்த்தால், அக்கா கட்டிலிலிருந்து பாதி சரிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டிருந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமே அக்கா!"

"மணி அடிச்சும் வரல. நீ அசந்து தூங்கிட்டன்னு நினைச்சேன்."

அவர் அக்காவைத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தார்.

மறுநாளே மணியின் சர்க்யூட் போர்டுக்குள் மின்கம்பி நுழையும் இடத்தில், கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கெப்பாசிட்டரை வைத்துப் பார்த்தார். பலனில்லை. போர்டை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்கார அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிப் இங்க இருக்கு, இதைக் கொண்டுபோய் அந்தக் கோடியில வெச்சிருக்கீங்களே? மோட்டார் கிளம்புறப்போ கரண்ட் ஒரு கணம் தடுமாறும். அந்த நேரத்துல சிப்புக்குக் கரண்ட் கொடுக்குறதுக்குத்தான் இது. அதனால சிப்போட கம்பிக் காலை ஒட்டியே இருக்கணும். இந்தச் சின்னது போதும்."

பருப்பு அளவிலான அந்தக் கெப்பாசிட்டரைச் சிப்பின் பவர் காலுக்கும் கிரவுண்ட் காலுக்கும் நடுவே, கம்பியை ஒட்ட நறுக்கிப் பற்றவைத்தார். ஃப்ரிட்ஜ் உறுமியது. மணி வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும் வீடு அமைதியாக இருந்தது. மனசு கேட்காமல் அவரே அக்காவிடம் போய் நின்றார்.

"மணி சரியாயிடுச்சுக்கா. இனிமே நீ அழுத்தினாத்தான் அடிக்கும்."

"ம்." ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "அது தானா கத்தினப்போ, திட்டிக்கிட்டாவது நீ வருவ. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவ. சும்மா வந்து உட்காருன்னு கூப்பிட எனக்குக் கூச்சமா இருக்குடா. பாவம், நீயே நின்னு நின்னு ஓய்ஞ்சு வர்ற."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உடம்பு அடித்துப்போட்டது போலிருந்தது.

"காலைத் தூக்கி மேல வை," என்றாள் அக்கா, தலையணையை அவர் பக்கம் தள்ளியபடி.