பிழையில்லாத ஆங்கிலம்

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் கௌசல்யா ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறாள். அதே லாட்ஜில் ரூம் பாயாக இருந்த ஆறுமுகநயினாரும் அவளிடம் படித்தவன்தான். ‘கோ அஹெட்’, ‘கேரி ஆன்’ எல்லாம் அவனுக்குச் சுலபமாக வந்தன. ‘மூவ் ஆன்’ மட்டும் பிடிபடவே இல்லை.

“பழச விட்டுட்டு மேக்கொண்டு போறது,” என்றாள்.

“அப்பம் பழசு என்ன செய்யும், டீச்சரே?”

அந்தக் கேள்விக்காகவே அவனைக் கல்யாணம் கட்டிக்கொண்டாள்.

ஆங்கிலப் பரீட்சையில் தேறி லண்டன் போனவன் சென்ற மாதம் ஃபோனில் கூப்பிட்டான். அவளிடம் தமிழிலேயே பேசிப் பழகியவன், அன்று முழுக்க ஆங்கிலத்தில் பேசினான். இரண்டு பேரும் மூவ் ஆன் பண்ணவேண்டுமாம். தமிழில் சொல்ல வாய் வந்திருக்காது, பாவிக்கு.

அத்தனையும் அவள் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள். திருத்த ஒரு பிழைகூட இல்லை. கௌசல்யா ‘சரி’ என்று மட்டும் சொன்னாள்.